சுத்தியல் தேடப் போன இடத்தில்

உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் வயல்ல சுத்தியலைத் தொலைச்சுட்டார்னு வச்சுக்கோங்க. என்ன பண்ணுவீங்க? "விடு மச்சி, வேற வாங்கிக்கலாம்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

1992 நவம்பர் 16 அன்று இங்கிலாந்தில் எரிக் லாஸ் என்பவர் அப்படிப் பண்ணல. அவர் ரிட்டயர் ஆன தோட்டக்காரர். ரிட்டயர்மென்ட் பரிசா வந்த ஒரு மெட்டல் டிடெக்டர் கையில இருந்தது. சுத்தியலைத் தொலைச்சவர் அவரோட நண்பர், குத்தகைக்குப் பயிர் பண்ற விவசாயி. சரி, தேடிக் கொடுப்போம்னு வயல்ல இறங்கியிருக்கார். டிடெக்டர் கத்தியிருக்கு. தோண்டினா வெள்ளி ஸ்பூன். அப்புறம் தங்க நகை. அப்புறம் காசு காசா வந்துக்கிட்டே இருந்திருக்கு.

ஊர் பேரு ஹாக்ஸன். சஃபோக்ல இருக்கிற ஒரு கிராமம். அங்க இந்த மாதிரி ஊரை பாரிஷ்னு சொல்றாங்க. நம்ம ஊராட்சி மாதிரின்னு எடுத்துக்கலாம், சர்ச்சை வச்சு எல்லை போட்டது. ஆங்கிலத்துல அந்தப் பேரோட ஸ்பெல்லிங்கைப் பார்த்து ரெண்டு வாரம் நான் "ஹாக்ஸ்னே"ன்னுதான் மனசுக்குள்ள படிச்சுக்கிட்டிருந்தேன். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம், இதுதான் லட்சணம். தமிழ்லயும் நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் அக்கா திருத்திடுவாங்கங்கிற தைரியத்துலதான் எழுதுறேன்.

இப்போ லாஸ் கதைக்கு வருவோம். கொஞ்சம் பொருள் வெளிய வந்ததுமே, இது சின்ன விஷயம் இல்லைன்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு. தோண்டுறதை நிறுத்திட்டார். ரெண்டு பேரும் போலீஸுக்கும், நிலத்துக்குச் சொந்தமான கவுன்ட்டி கவுன்சிலுக்கும் தகவல் சொன்னாங்க. மறுநாளே தொல்லியல் ஆட்கள் வந்து, வெளிய தெரியாம, ஒரே நாள்ல மொத்தத்தையும் எடுத்துட்டாங்க. சில பகுதிகளை மண்ணோட அப்படியே கட்டியா தூக்கிட்டுப் போய் லேப்ல பிரிச்சாங்க.

உள்ள இருந்தது கிட்டத்தட்ட 15,000 ரோமானியக் காசுகள், வெள்ளிப் பாத்திரம், தங்க நகைன்னு சுமார் 200 பொருள். தங்கம் மட்டும் மூன்றரை கிலோ. வெள்ளி 23 கிலோவுக்கு மேல. ஒரு வளையல்ல யூலியானாங்கிற பெண்ணை வாழ்த்தி, அணிந்து மகிழ்ந்திருன்னு சொல்ற மாதிரி எழுத்து இருக்கு. கடைசிக் காசுகளை வச்சுப் பார்த்தா, இதைப் புதைச்சது கி.பி. 407-க்கு அப்புறம். ரோம் பிரிட்டனைக் கைகழுவின நேரம். வெள்ளிக்காசுல பெரும்பாலானதோட ஓரத்தை யாரோ வெட்டி எடுத்திருக்காங்க, அவ்வளவு வெள்ளித் தட்டுப்பாடு. யூலியானா வீட்டுக்காரங்க திரும்பி வந்து எடுத்துக்கலாம்னு புதைச்சிருக்கணும். வரல.

இதுல மெக்கானிக்கல் மக்களுக்குன்னு தனியா ஒண்ணு சொல்லணும். வெள்ளியில செஞ்ச நாலு மிளகுக் குடுவை அந்தப் பெட்டியில இருந்தது. ஒண்ணு கையில சுருள் வச்சிருக்கிற ஒரு பெண்ணோட மார்பளவுச் சிலை மாதிரி இருக்கும், பத்து சென்டிமீட்டர் உயரம். "பேரரசி"ன்னு பட்டப்பேர் வச்சுட்டாங்க, யாரோ பணக்கார வீட்டம்மாவாதான் இருக்கணும். அடியில ஒரு வட்டத் தட்டு. அதைத் திருப்பினா மூணு நிலை: ஒண்ணுல முழுசா மூடிக்கும், ஒண்ணுல மிளகு நிரப்புற அளவுக்குத் திறக்கும், ஒண்ணுல சின்ன ஓட்டை வழியா தூவும். நம்ம மெஸ்ல இருக்கிற உப்பு டப்பா இன்னும் இந்த லெவலுக்கு வரல. உள்ள போட்ட மிளகு எங்க இருந்து வந்தது? நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்தான். சேரர் கடற்கரையில கப்பல் ஏறி, செங்கடல், எகிப்து, ரோம் எல்லாம் தாண்டி ஹாக்ஸன் வரைக்கும் போயிருக்கு. அதே காலத்துல, 408-ல, ரோம் நகரத்தை வளைச்சுக்கிட்ட அலாரிக், முற்றுகையை விடணும்னா கொடுக்கணும்னு போட்ட லிஸ்ட்ல தங்கம், வெள்ளியோட 3,000 பவுண்டு மிளகும் இருந்தது.

ஆனா எனக்குப் பிடிச்சது தங்கமும் இல்ல, மிளகும் இல்ல. பேக்கிங். லாஸ் நிறுத்தினதால மண்ணுக்குள்ள பொருள் இருந்த இருப்பு கலையல. அதனாலதான் அதெல்லாம் ஒரு ஓக் மரப்பெட்டிக்குள்ள இருந்ததுன்னு கண்டுபிடிக்க முடிஞ்சது. 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 30 உயரம். மரம் மக்கிப் போச்சு, ஆனா கீலும் ஆணியும் இருந்த இடத்துலயே இருந்தது. பெட்டிக்குள்ள சின்னப் பெட்டிகள், அதுக்கு விரல்நுனி அளவு வெள்ளிப் பூட்டு. பாத்திரம் ஒண்ணோட ஒண்ணு உரசாம இருக்கத் துணியும் வைக்கோலும். ஊரை விட்டுப் போற வீட்டுல யாரோ ஒருத்தர் பொறுமையா உட்கார்ந்து அடுக்கியிருக்காங்க. லாஸ் தானே எல்லாத்தையும் அள்ளியிருந்தாலும் தங்கம் தங்கமாதான் இருந்திருக்கும். அந்த அடுக்கல் போயிருக்கும்.

அவருக்கு 17.5 லட்சம் பவுண்டு பரிசு கிடைச்சது. அப்போ இருந்த சட்டப்படி அது கண்டுபிடிச்சவருக்கு மட்டும்தான். அதை அவர் விவசாயி நண்பரோட பங்கு போட்டுக்கிட்டார். சுத்தியலும் கிடைச்சது! அதுவும் இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துலதான் இருக்கு.

இந்தக் கதையை நான் சும்மா தேடிப் படிக்கல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, சொல்றேன். அதுக்கு முன்னாடி அதே ஊர்ல இன்னொரு குழிக்குப் போகணும்.

1797. ஹாக்ஸன்ல ஒரு செங்கல் குழி. செங்கலுக்கு மண் எடுக்குற இடம். பக்கத்து ஊர்க்காரர் ஜான் ஃப்ரியர் அந்தக் குழியைப் பார்க்கிறார். மண்ணுக்குள்ள இருந்து முக்கோண மாதிரி செதுக்கின சக்கிமுக்கிக் கல்லுங்க வருது. லண்டன்ல இருக்கிற தொல்பொருள் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுறார், ரெண்டு பக்கம் வருமா வராதா. ஜூன் 22-ஆம் தேதி. கூடவே சில கல்லையும் அனுப்புறார்.

சிவில் மக்களே, அந்தக் கடிதத்தைப் படிச்சா உங்களுக்குச் சிரிப்பு வரும். ஏன்னா அது ஒரு போர் லாக். மேல ஒன்றரை அடி மேல்மண். அதுக்குக் கீழ ஏழரை அடி களிமண். அடுத்து ஒரு அடி மணல், சிப்பியோட கலந்தது. அதுக்கும் கீழ ரெண்டடி சரளை. கல்லுங்க கிடைச்சது அந்தச் சரளையில. ஆக மொத்தம் பன்னிரண்டு அடி ஆழம். ஒரு சதுர கெஜத்துக்கு அஞ்சு, ஆறு கல்லுன்னு எண்ணிக்கையும் கொடுத்திருக்கார். இவ்வளவு அடர்த்தியா கிடைக்குதுன்னா தண்ணி அடிச்சுக்கிட்டு வந்து தற்செயலா சேர்ந்ததில்ல, இங்கயே உட்கார்ந்து செஞ்சிருக்காங்கன்னு முடிவுக்கு வர்றார். மணல் அடுக்குல பெரிய பெரிய எலும்பு, அது என்ன மிருகம்னே தெரியாத ஒரு தாடை. இதையெல்லாம் செஞ்சவங்களுக்கு உலோகம் தெரியாது, காலம் ரொம்ப ரொம்பப் பழசா இருக்கணும், இப்போ இருக்கிற உலகத்துக்கும் முந்தினதாக் கூட இருக்கலாம்ங்கிற அர்த்தத்துல முடிக்கிறார்.

உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்தான் ஆச்சுன்னு பெரும்பாலானவங்க நம்பின காலம் அது. ஃப்ரியர் அதை எதிர்த்துச் சண்டை போடல. ஆழத்தை எழுதிட்டு விட்டுட்டார். செமஸ்டர்ல நாலு தடவை சாயில் மெக்கானிக்ஸ் ரெக்கார்டை எவனோடதையாவது பார்த்துக் காப்பியடிச்சவன் நான். ஒரு எண்ணை உள்ளபடி எழுதி வைக்கிறது இவ்வளவு பெரிய காரியம்னு எனக்கு அதுவரைக்கும் தோணினதே இல்ல.

ஆனா அந்தக் கடிதத்துல என்னைத் தூங்க விடாத வரி வேற. செங்கல் வேலையைப் பார்த்துக்கிட்டிருந்த ஆள் ஃப்ரியர்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கார்: இதுக்கெல்லாம் மதிப்பு இருக்குன்னு தெரியறதுக்கு முன்னாடி, கூடை கூடையா இந்தக் கல்லுங்களைக் கொண்டு போய்ப் பக்கத்து ரோட்டுப் பள்ளத்துல கொட்டி நிரப்பிட்டேன்னு. வண்டிச்சக்கரம் போய்ப் போய்ப் பள்ளமான ரோடு. கல்லு கைக்கு வாகா, ஒரே சைஸ்ல இருந்தது. கொட்டிட்டார். இன்னைக்குக் கணக்குப்படி அந்தக் கல்லுங்களுக்கு வயசு சுமார் நாலு லட்சம் வருஷம்.

அந்த ஆளைத் திட்ட எனக்கு வாய் வரல.

இப்போ காரணத்தைச் சொல்றேன்.

மூணாவது வருஷம் முடிஞ்ச லீவுல இன்டர்ன்ஷிப் போனேன். தெற்குல, தாமிரபரணிப் பக்கம் ஒரு ஊர். கம்பெனி பேர் வேண்டாம். குடோன் கட்டுற வேலை. என் வேலை லெவல் பார்க்கிறது, டெய்லி ப்ராக்ரஸ் ரிப்போர்ட் எழுதுறது, டீ வாங்கிட்டு வர்றது. ரெண்டாவது வாரம் எஃப் 7 ஃபுட்டிங்குக்குத் தோண்டிக்கிட்டிருந்தாங்க. ஜேசிபி திடீர்னு நின்னுச்சு. ஆபரேட்டர் அண்ணன் இறங்கி, செருப்பைக் கழட்டிட்டுக் குழி ஓரமா நின்னார். "தம்பி, இங்க வாங்க. தாழி."

குழிச் சுவர்ல, தரையில இருந்து ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் ஆழத்துல ஒரு வாய். பெரிய தாழியோட வாய். ஒரு பக்கத்தை பக்கெட் பல்லு ஏற்கெனவே உடைச்சிருந்தது. உள்ள மண்ணு நிறைஞ்சு, அதுல கறுப்பும் சிவப்புமா சின்னச் சட்டிங்க. வெள்ளையா ஏதோ துண்டு துண்டா. அது என்னன்னு எனக்குத் தெரியும். நான் இறங்கித் தொடல.

"எங்க ஊர்ல இது நெறைய உண்டு. எங்க அப்பாரு காலத்துல ஆடு மேய்க்கையில காலு உள்ள போவும்"னார் அண்ணன். அவர் குரல்ல பயமெல்லாம் இல்ல. வீட்டுல பெரியவங்க தூங்கும்போது பேசுவோம்ல, அப்படிப் பேசினார்.

சைட் இன்ஜினியருக்கு போன் போட்டேன். அவர் வந்து பார்த்தார். ரெண்டு நிமிஷம் அவரும் ஒண்ணும் பேசல. நல்ல மனுஷன்தான், எனக்கு ஆட்டோ லெவல் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அப்புறம் ஓரமாப் போய் யார்கிட்டயோ போன்ல பேசிட்டு வந்தார். "தம்பி, கலெக்டர் ஆபீஸ்க்குத் தெரிஞ்சா வேலை எத்தனை மாசம் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. இந்த லேபர் எல்லாத்துக்கும் யாரு கூலி கொடுப்பா? முழுசாத் தோண்டி லெவல் பண்ணச் சொல்லு."

ஆபரேட்டர் அண்ணன் மாட்டேன்னார். வேற ஆளை வச்சுத் தோண்டினாங்க.

அன்னிக்கு ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். "எஃப் 7: தோண்டும் வேலை முடிந்தது." மறுநாள் காலையில பிசிசி போட்டாங்க. க்யூரிங்குக்குத் தண்ணி ஊத்தினது நான்.

மண் குவியல்ல இருந்து ஒரு ஓட்டை எடுத்து பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். உள்ளங்கை அளவு. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஹாஸ்டல் டேபிள்ல பேனா ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வருஷமா இருக்கு. ரூம்மேட் ஒருநாள் "என்னடா இது, பூந்தொட்டி உடைஞ்சதா?"ன்னு கேட்டான். ஆமான்னேன்.

அதுக்கப்புறம் ஒரு நைட்டு, "புதையல் கிடைச்சா யார்கிட்ட சொல்லணும்"னு தேடினேன். நம்ம நாட்டுல 1878-லயே சட்டம் இருக்கு. மண்ணுக்குள்ள மறைஞ்சிருக்கிற பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளதா இருந்தா கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும். அப்படித் தேடும்போதுதான் லாஸும், அவர் வழியா ஹாக்ஸனும், ஹாக்ஸன் வழியா ஃப்ரியரும் வந்தாங்க. அந்தச் செங்கல் குழி ஆளுக்குத் தெரியாது. லாஸுக்குத் தெரிஞ்சது, நிறுத்தினார். எனக்கும் தெரிஞ்சது. நான் "முடிந்தது"ன்னு எழுதினேன்.

ஃப்ரியர் கடிதத்துக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஒண்ணும் ஆகல. சங்கத்துல படிச்சாங்க, நன்றி சொன்னாங்க, 1800-ல அச்சுல போட்டாங்க. கல்லு கண்ணாடிப் பெட்டிக்குள்ள போச்சு. ஃப்ரியர் 1807-ல செத்துப் போனார். அப்புறம் 1859-ல பிரஸ்ட்விச், எவன்ஸுன்னு ரெண்டு பேர் ஃபிரான்ஸ்ல இதே மாதிரி கைக்கோடரிங்களைப் பார்த்துட்டு லண்டன் திரும்புறாங்க. எவன்ஸ் அந்தச் சங்கத்துக் கட்டடத்துலயே, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள, ஃப்ரியர் அனுப்பின கல்லைப் பார்த்து அசந்து நிக்கிறார். 62 வருஷமா அங்கயே இருந்திருக்கு. கல்லு மட்டும் இருந்திருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. கூடவே பன்னிரண்டு அடின்னு எழுதியிருந்தது. ரெண்டு பேரும் ஹாக்ஸன் மண்ணை மறுபடி ஆராய்ஞ்சாங்க. மனுஷன் எவ்வளவு பழையவன்ங்கிற வாதம் அந்த வருஷத்தோட திசை மாறிடுச்சு. இன்னைக்கு ரெண்டு பனியுகத்துக்கு நடுவுல இருந்த ஒரு வெப்பக் காலத்துக்கே ஹாக்ஸ்னியன்னு அந்த ஊர் பேர்தான்.

அந்த அலை நம்ம ஊர் வரைக்கும் வந்தது. பிரஸ்ட்விச், எவன்ஸ் ஆய்வுகளால தூண்டப்பட்டு இங்க தேட ஆரம்பிச்சவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காரர். 1863 மே 30 அன்று பல்லாவரத்துல, அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் ஒரு சரளைக் குழியில கைக்கோடரி ஒண்ணை எடுத்தார். இந்தியாவோட பழைய கற்காலம் அங்க இருந்துதான் எழுத ஆரம்பமாச்சு. அதே வருஷம் அதிரம்பாக்கம். அங்க கிடைச்ச கருவிங்களுக்கு இப்போ பத்து லட்சம் வருஷத்துக்கும் மேல வயசு சொல்றாங்க, ஹாக்ஸனை விடப் பழசு. தாம்பரம் லோக்கல்ல நீங்களும் நானும் ஃபோனைப் பார்த்துக்கிட்டே பல்லாவரத்தைத் தாண்டிப் போறோம்.

ஹாக்ஸன்ல மூணாவதா ஒரு இடம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். கோல்ட்புரூக் பாலம். 869-ல எட்மண்ட்ங்கிற ராஜா டேன்காரங்ககிட்ட இருந்து தப்பிச்சு அந்தப் பாலத்துக்கு அடியில ஒளிஞ்சிருந்தாராம். அவர் காலணியில இருந்த தங்க முள் தண்ணியில பளபளன்னு தெரிய, கல்யாணம் முடிச்சுட்டு வந்த ஒரு ஜோடி பார்த்துக் காட்டிக் கொடுத்துடுச்சாம். ஒரு ஓக் மரத்துல கட்டி அம்பு விட்டுக் கொன்னாங்க. சாகும்போது, இந்தப் பாலத்தைத் தாண்டுற எல்லாப் புதுமணத் தம்பதிக்கும் சாபம்னு சொன்னாராம். மரம் 1848-ல விழுந்தது, இடத்துல ஒரு சிலுவை நட்டு வச்சிருக்காங்க. அவர் செத்தது எங்க ஊர்லதான்னு வேற ஊர்களும் சொல்லுது, அதனால நான் இதை நம்பு, நம்பாதேன்னு சொல்ல வரல. சொன்னதுக்காகச் சாபம் வாங்கின ஜோடியைப் பத்திப் படிச்சப்போ, சொல்லாம விட்டவனுக்கு என்ன சாபம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அவ்வளவுதான்.

போன மாசம் எனக்கு வேலை கிடைச்சது. வேற கம்பெனி, கட்டுமானம்தான். இன்டர்வியூல இன்டர்ன்ஷிப் சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்துட்டு "சைட்ல என்ன கத்துக்கிட்ட?"ன்னு கேட்டாங்க. லெவல் எடுக்கக் கத்துக்கிட்டேன்னேன்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். மாவட்ட கலெக்டருக்கு, ஒரு நகல் தொல்லியல் துறைக்கு. தமிழ்லயே எழுதினேன், நாலு தடவை அடிச்சு அடிச்சு. நல்லா எழுதணும்னு முதல்ல ஒரு பக்கம் வருத்தம் எல்லாம் தெரிவிச்சிருந்தேன். அப்புறம் அதைத் தூக்கிட்டு ஃப்ரியர் மாதிரி எழுதினேன்:

0 முதல் 0.30 மீட்டர்: கொட்டிய மண். 0.30 முதல் 1.10: செம்மண். 1.10: தாழியின் வாய். அதற்குக் கீழே தோண்டிய 1.80 வரை: சரளை, தாழி அதற்குள் இறங்கியிருந்தது. இடம்: வடக்கு வரிசையில் ஏழாவது தூண். தாழி இப்போது இல்லை. பக்கத்தில் வேறு இருக்கலாம். எஃப் 8-க்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் இன்னும் யாரும் தோண்டவில்லை.

போட்டோ ரெண்டு இருக்கு, அதையும் பிரின்ட் போட்டேன். ரூம்மேட் படிச்சுப் பார்த்துட்டு, "பேர் போடப் போறியா?"ன்னு கேட்டான். "மொட்டைக் கடுதாசியா அனுப்பிடேன்டா. ஜாயினிங் வேற இருக்கு."

அவன் சொன்னதை ரெண்டு நாள் யோசிச்சேன். பயம் இருந்தது, இன்னும் இருக்கு. அந்த சைட் இன்ஜினியர் சார் நம்பர் என் போன்ல இருக்கு, அவருக்கு முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. நேத்து கூப்பிட்டேன். முழுசாக் கேட்டார். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. "என் பேரையும் எழுதிக்கோ தம்பி"ன்னார். அப்புறம் வச்சுட்டார். கோபத்துல சொன்னாரா, நிஜமாவே சொன்னாரான்னு எனக்குப் புரியல. அவர் பேரை எழுதல. என் பேர், ரோல் நம்பர், வீட்டு அட்ரஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஓட்டையும் சேர்த்து அனுப்பறேன். பழைய ஹாஸ்டல் துண்டைக் கிழிச்சு ரெண்டு சுத்து சுத்தி, ஷூ பெட்டிக்குள்ள வச்சு, ஆடாம இருக்க நாலு பக்கமும் பேப்பர் அடைச்சிருக்கேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு போஸ்ட் ஆபீஸ் திறக்கும். முதல் ஹவர் வைவா ரிவ்யூ இருக்கு, எனக்கு யாராவது ப்ராக்ஸி போடுங்க.